தீவில் பாதியில் நின்றுபோன ரிசார்ட்: சேதத்தைப் பதிவு செய்து புகார் வரை கொண்டுபோவது எப்படி

ஒரு தீவில் ரிசார்ட் கட்ட ஆரம்பித்து, தூண் எழுப்பி, கரையைக் கல் போட்டு அடைத்து, அப்புறம் பணம் தீர்ந்தோ வழக்கு வந்தோ வேலை நின்றுபோனால், அதோடு சேதமும் நின்றுவிட்டதாகத்தான் எல்லோரும் நினைக்கிறார்கள். அதிகாரிகளும் பெரும்பாலும் அப்படித்தான் கோப்பைக் கட்டி வைக்கிறார்கள். உண்மையில் ஓடிக்கொண்டிருக்கும் ஹோட்டலுக்காவது ஒரு மேலாளர் இருப்பார், கழிவுநீர் வழிந்தால் போய்ச் சண்டை போடலாம், அபராதம் போட ஒரு முகவரி இருக்கும். கைவிட்ட கட்டடத்துக்கு வாட்ச்மேனும் இருக்க மாட்டார். மழை வரும், வெட்டிப் போட்ட மண் தண்ணீரில் இறங்கும், அடைத்த கால்வாய் அடைத்தபடியே கிடக்கும், தொட்டியில் தண்ணீர் தேங்கும். யாரும் பார்க்காத வருடங்களில்தான் இது நடக்கிறது.

இந்தோனேசியாவின் பாலியில் செராங்கான் என்று ஒரு சின்னத் தீவு உண்டு, ஆமைத் தீவு என்றும் பெயர். 1990களில் ஒரு சுற்றுலாத் திட்டத்துக்காக அதைச் சுற்றிக் கடலைத் தூர்த்தார்கள். சுமார் 112 ஹெக்டேராக இருந்த தீவு நாலு மடங்குக்கும் மேல் பெருத்தது. 1998இல் ஆசிய நிதி நெருக்கடியில் வேலை நின்றது. ரிசார்ட் வரவில்லை, ஆனால் பவளப்பாறையும் கடற்புல்லும் அலையாத்தியும் போனது போனதுதான், ஆமைகள் முட்டையிட வந்த மணலும் போனது. கொட்டிய நிலம் வருடக்கணக்கில் சும்மா கிடந்துவிட்டு, 2023இல் குரா குரா பாலி என்ற பெயரில் சிறப்புப் பொருளாதார மண்டலமாகிவிட்டது. அதாவது, கைவிட்ட இடத்தை யாரும் பழைய நிலைக்குக் கொண்டுவராவிட்டால் அதுவே அடுத்த திட்டத்துக்கு ரெடிமேட் நிலமாகிவிடுகிறது. 'ஏற்கெனவே கெட்டுப்போன இடம்தானே, இங்கே கட்டினால் என்ன' என்ற வாதம் எந்த ஊரிலும் செல்லுபடியாகும். அந்த வாதம் வருவதற்கு முன்பே அந்த இடம் எப்படி இருந்தது, எப்படிக் கெட்டது என்று தேதியோடு கையில் வைத்திருப்பதற்குத்தான் கீழே எழுதியிருப்பது எல்லாம்.

சட்டம் சார்ந்த விஷயங்கள் இந்தியாவுக்கானவை. உதாரணத்துக்குப் பெரும்பாலும் கேரளத்தின் வேம்பநாட்டுக் காயலில் இருக்கும் நெடியதுருத்து தீவைத்தான் எடுத்துக்கொள்கிறேன். அங்கே மீனவர்கள் தொடங்கிய வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய் ஜெயித்தது, அதனால் எது வேலை செய்யும், எதற்கு எவ்வளவு காலம் பிடிக்கும் என்று அதில் தெளிவாகத் தெரிகிறது.

வீட்டில் உட்கார்ந்தே செய்யக்கூடியது

முதல் வேலைக்கு நீங்கள் தீவுக்கே போக வேண்டாம். கணினியில் கூகுள் எர்த் ப்ரோ இலவசமாகக் கிடைக்கிறது. அதில் பழைய செயற்கைக்கோள் படங்களைத் தேதிவாரியாகப் பின்னோக்கி நகர்த்திப் பார்க்கும் வசதி இருக்கிறது. பழகுவதற்கு செராங்கானையே தேடிப் பாருங்கள், தீவு எப்படிப் பெருத்தது என்பது சில நொடிகளில் புரிந்துவிடும். அப்புறம் உங்கள் தீவுக்கு வாருங்கள். கட்டுமானத்துக்கு முந்தைய படம், வேலை நடந்தபோது எடுத்தது, நின்ற பிறகு எடுத்தது, இப்போதையது என்று நாலைந்து படங்களைத் தேதி தெரியும்படி சேமித்துக்கொள்ளுங்கள்.

சின்ன இடத்துக்கு கூகுள் படம் போதும். ஆனால் தேதிகள் ஒழுங்காக இருக்காது, நடுவில் பல வருடங்கள் விட்டுப்போயிருக்கும். அந்த ஓட்டையை அடைக்க கோப்பர்நிக்கஸ் பிரவுசர் என்ற ஐரோப்பியத் தளத்தில் சென்டினல்-2 படங்கள் 2015 முதல் கிடைக்கின்றன, ஏறக்குறைய ஐந்து நாளைக்கு ஒன்று. ஒரு புள்ளி தரையில் 10 மீட்டர் என்பதால் வில்லாவை எண்ண முடியாது, ஆனால் அலையாத்தி பச்சையிலிருந்து பழுப்பாவதும், மழைக்குப் பிறகு கரையிலிருந்து செம்மண் கலங்கல் விசிறியாகத் தண்ணீரில் விரிவதும் நன்றாகவே தெரியும். அதற்கும் முன்னால் போக வேண்டுமென்றால் லேண்ட்சாட் என்ற அமெரிக்கச் செயற்கைக்கோள்களின் படங்கள், அவை 1980கள் வரை கூட்டிப்போகும்.

ஒரே ஒரு எச்சரிக்கை. இரண்டு படங்களை ஒப்பிட்டு 'கரை இவ்வளவு போய்விட்டது' என்று எழுதும் முன் ஓதம், அதாவது கடல் ஏறி இறங்குவது, என்ன நிலையில் இருந்தது என்று பாருங்கள். ஏற்றத்தில் எடுத்த படத்தையும் வற்றத்தில் எடுத்த படத்தையும் பக்கத்தில் வைத்தால் இல்லாத அரிப்பு இருப்பது போலத் தோன்றும். எதிர்த்தரப்பு வழக்கறிஞர் முதலில் கை வைப்பது அந்த இடத்தில்தான். முடிந்தவரை ஒரே மாதத்தில், ஒரே ஓத நிலையில் எடுத்த படங்களை ஜோடி சேருங்கள்.

நேரில் போகும்போது எங்கே பார்ப்பது

கட்டடத்துக்குள் போகாதீர்கள். பொதுக்கரையில் நின்றோ படகிலிருந்தோ பார்த்தாலே தேவையானது தெரியும். உள்ளே போனால் அத்துமீறல் என்று உங்கள் மேலேயே புகார் திரும்பும், துருப்பிடித்த கம்பியும் தொங்கும் சிலாப்பும் பாம்பும் அது போக. உள்ளூர் மீனவர் ஒருவரைக் கட்டாயம் கூட்டிக்கொள்ளுங்கள், படகோட்ட மட்டுமில்லை. எந்த வாய்க்கால் எங்கே ஓடியது, எந்த மாதத்தில் எந்த மீன் வந்தது என்று செயற்கைக்கோளுக்குத் தெரியாததெல்லாம் அவருக்குத் தெரியும். நெடியதுருத்து வழக்கே தீவை ஒட்டிப் போட்டிருந்த ஊன்னி வலைகள், அதாவது கழி நட்டுக் கட்டும் வலைகள், ரிசார்ட் வேலையால் போய்விட்டன என்று மீனவர்கள் நீதிமன்றத்துக்குப் போனதிலிருந்து வந்ததுதான்.

பார்க்க வேண்டிய முதல் விஷயம் தண்ணீர் ஓட்டம். தீவுகளில் ரிசார்ட் கட்டுபவர்கள் செய்யும் பெரிய சேதம் பெரும்பாலும் கட்டடம் இல்லை, அதற்கு முன்னால் போடும் கரையும் தூர்க்கும் சிறு வாய்க்காலும்தான். ஓதம் ஏறி இறங்கும் வாயை ஒரு லாரி மண் அடைத்துவிடும். உள்பக்கம் தண்ணீர் தேங்கினால் அலையாத்தியின் சுவாச வேர்கள் மூழ்கியபடியே கிடந்து மரம் மூச்சுத் திணறிச் சாகும், தண்ணீரே வராமல் போனால் மண் காய்ந்து உப்பேறிச் சாகும். ஆகவே சாம்பல் நிறத்தில் இலையில்லாமல் வரிசையாக நிற்கும் அலையாத்தியைப் பார்த்தால் படம் எடுத்துக்கொண்டு நகர்ந்துவிடாதீர்கள், பக்கத்தில் அடைபட்ட வாய் எங்கே என்று தேடுங்கள். கிட்டத்தட்ட எப்போதும் இருக்கும். அதன் இடத்தை ஜிபிஎஸ் எண்ணோடு குறித்துக்கொள்ளுங்கள். பிறகு என்ன கேட்கப்போகிறோம் என்பதில் இந்த ஒரு புள்ளிக்குத்தான் அதிக மதிப்பு.

அடுத்தது கரைச் சுவர். சுவர் நிற்கும் இடம் நன்றாகத்தான் இருக்கும், சுவர் முடிகிற இடத்துக்குப் போங்கள். மணல் ஓட்டத்தைத் தடுத்தால் அரிப்பு பக்கத்து வீட்டுக்காரன் கரையில்தான் விழும். புதுச்சேரியில் துறைமுகத் தடுப்புச் சுவர் வந்த பிறகு அதன் வடக்கே கடற்கரை போனதை நாம் எல்லோரும் பார்த்தோமே, அதே கதைதான், தீவில் அளவு சிறிது. சுவரின் நுனியிலிருந்து ஒரு தென்னை, ஒரு மின்கம்பம் என்று நகராத ஏதாவது ஒன்றுக்கு எத்தனை மீட்டர் என்று டேப்பில் அளந்து எழுதிவையுங்கள். அடுத்த பருவமழைக்குப் பின் அதே இரண்டு புள்ளிகளுக்கு நடுவே மறுபடி அளந்தால் அரிப்பு எண்ணாக வந்துவிடும்.

வெட்டிய மேடு, புல் முளைக்காத சரிவு, கொட்டிய மண் குவியல். இவை வெயிலில் ஒன்றும் செய்யாது, நல்ல மழை பெய்த மறுநாள்தான் போக வேண்டும். கலங்கலை அளக்க லேப் தேவையில்லை. இருபது சென்டிமீட்டர் அகலமுள்ள ஒரு வட்டத் தகட்டைக் கால்கால் பாகமாகக் கறுப்பு வெள்ளை அடித்து, அடியில் கனம் கட்டி, அளவு குறித்த கயிற்றில் தண்ணீருக்குள் இறக்குங்கள். கண்ணுக்கு மறைகிற ஆழத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். சேச்சி தட்டு என்று ஆராய்ச்சியாளர்கள் நூறு வருடத்துக்கு மேலாகப் பயன்படுத்துவது இதைத்தான். கட்டுமானத்துக்கு எதிரேயும், கொஞ்சம் தள்ளிச் சேதமில்லாத கரையிலும், ஒரே நேரத்தில் இரண்டு அளவு எடுத்தால்தான் அர்த்தம். ஒற்றை அளவு எதையும் நிரூபிக்காது. அந்தமான், லட்சத்தீவு போன்ற பவளத் தீவுகளில் இந்தக் கலங்கல்தான் மிக மோசமானது, வண்டல் படிந்தால் பவளத்துக்கு வெளிச்சமும் போய்விடும், மூச்சும் போய்விடும்.

அப்புறம் நிலத்தடி நீர். இதை யாரும் கண்டுகொள்வதில்லை, என்னைக் கேட்டால் குடியிருப்பு உள்ள தீவில் இதுதான் முதல் கவலையாக இருக்க வேண்டும். மணல் தீவில் நன்னீர் என்பது கடல்நீரின் மேல் மிதக்கும் ஒரு மெல்லிய அடுக்கு. கடல் மட்டத்துக்கு மேலே ஒரு அடி நன்னீர் இருந்தால் கீழே சுமார் 40 அடி வரை இருக்கும் என்பது பழைய கணக்கு. அதையே திருப்பிப் போட்டால், மேல்மட்டம் ஒரு அடி இறங்கினால் கீழிருந்து உப்புநீர் 40 அடி ஏறப் பார்க்கும். ரிசார்ட்டுக்காகப் போட்ட போர்வெல்கள் மூடாமல் கிடந்தால் மேலே தேங்கும் அழுக்கு நேராக அந்த அடுக்குக்குள் இறங்குகிறது, அரைகுறையாக விட்ட செப்டிக் டேங்க்கும் அதே வேலையைச் செய்கிறது. கைவிட்ட போர்வெல்லைக் களிமண், மணல், கல் போட்டு அடைக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2010இலேயே, குழந்தைகள் விழுந்து இறப்பதைத் தடுக்கச் சொல்லியிருக்கிறது. ஆகவே திறந்த போர்வெல் ஒன்றைப் பார்த்தால் மற்ற புகாருக்கெல்லாம் காத்திருக்காமல் அன்றைக்கே கலெக்டர் அலுவலகத்துக்கு எழுதலாம். சுற்றியுள்ள வீட்டுக் கிணறுகளில் தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளின் அளவைக் காட்டும் மலிவான டிடிஎஸ் மீட்டரை வைத்து, எந்தக் கிணறு, எந்தத் தேதி, என்ன எண் என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். குடிநீருக்கு இந்தியத் தரநிர்ணயம் சொல்வது லிட்டருக்கு 500 மில்லிகிராம், வேறு வழியே இல்லையென்றால் 2,000 வரை. கிணற்றுக்காரர்களிடம் அனுமதி கேட்டுச் செய்யுங்கள், தண்ணீர் கெட்டது என்று ஊரில் பேச்சு வந்தால் பாதிக்கப்படப்போவது அவர்கள்.

மற்றவற்றை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். மழைநீர் நிற்கும் பாதி நீச்சல் குளம், லிஃப்ட் குழி, மேல்நிலைத் தொட்டி ஆகியவற்றில் டெங்கு கொசு வளரும், இதற்குச் சுகாதாரத் துறை மற்ற எல்லாத் துறையையும் விட வேகமாக வரும், ஆகவே அவர்களைத் தனியாகக் கூப்பிடுங்கள். பெயின்ட் டின், டீசல் பேரல், தெர்மாகோல் பலகை, கண்ணாடி நார்ப்பஞ்சு எல்லாம் எங்கே குவிந்திருக்கிறது என்று பாருங்கள், தெர்மாகோல் உதிர்ந்து மணிமணியாகத் தண்ணீரில் கலந்தால் அதைத் திரும்பப் பொறுக்க யாராலும் முடியாது. ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் உடைந்து கிடந்தால் கிட்டேயே போக வேண்டாம், தூரத்திலிருந்து படம் போதும். அழகுக்காக நட்ட செடிகள் வேலி தாண்டி ஓடியிருக்கிறதா என்றும் ஒரு பார்வை. கேரளத்தில் தரையை மூடிப் படரும் மஞ்சள் பூச் செடியான வெடேலியாவும், தேங்கிய வாய்க்காலில் ஆகாயத்தாமரையும் இப்படித்தான் பரவுகின்றன.

படம் எடுப்பதில் கெட்டுப்போகும் இடம்

நல்ல படம் எடுத்தவர்கள் பலர் அதை வாட்ஸ்அப்பில் அனுப்பி, அங்கிருந்து மறுபடி இறக்கி, புகாரோடு சேர்க்கிறார்கள். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் படம் சுருங்குவதோடு, எடுத்த தேதியும் இடமும் கோப்பிலிருந்து அழிந்துவிடும். மூலக் கோப்பை அப்படியே வைத்திருங்கள், இன்னொரு இடத்தில் ஒரு நகலும் இருக்கட்டும். போனில் கேமராவின் லொகேஷனை ஆன் செய்துவிட்டு எடுங்கள். ஒவ்வொரு இடத்திலும் தூரத்திலிருந்து ஒன்று, நடுவில் ஒன்று, கிட்டத்தில் அளவு தெரிய ஒரு குடையோ ஸ்கேலோ வைத்து ஒன்று. எங்கே நின்று எந்தத் திசையில் எடுத்தீர்கள் என்று குறித்தால்தான் ஆறு மாதம் கழித்து அதே சட்டகத்தில் மறுபடி எடுக்க முடியும்.

இது நீதிமன்றத்துக்குப் போகும் என்று தோன்றினால், மின்னணு ஆதாரத்துக்கு ஒரு சான்றிதழ் இணைக்க வேண்டியிருக்கும். முன்பு சாட்சியச் சட்டத்தின் 65பி என்றார்கள், 2024 ஜூலை 1 முதல் அது பாரதிய சாக்ஷ்ய அதினியத்தின் 63ஆம் பிரிவு. படம் எடுத்த போனை விற்றுவிட வேண்டாம் என்று வழக்கறிஞர்கள் சொல்வது இதனால்தான். டிரோன் ஆசை வரும், தீவுகளிலும் கடலோரத்திலும் பறக்கத் தடையுள்ள பகுதிகள் நிறைய, உங்கள் புகாரை விட்டுவிட்டு உங்கள் டிரோனைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுவார்கள். படகும் மாடியும் போதும்.

காகிதம் தோண்டுவது

எனக்கு இதில் பிடித்த பகுதி இதுதான், மற்றவர்களுக்கு அலுப்பூட்டும் பகுதியும் இதுதான். பத்து ரூபாய்க் கட்டணத்தில் ஒரு ஆர்டிஐ, அதாவது தகவல் அறியும் உரிமைச் சட்ட விண்ணப்பம். முதலில் சர்வே எண்ணைக் கண்டுபிடியுங்கள், அது இல்லாமல் கேட்டால் 'குறிப்பாகச் சொல்லவில்லை' என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள். பிறகு ஒரே விண்ணப்பத்தில் எல்லாவற்றையும் கொட்டாமல் ஒவ்வொரு அலுவலகத்துக்கும் அதனிடம் இருப்பதை மட்டும் கேளுங்கள். பஞ்சாயத்திடம் கட்டட அனுமதியும் வரைபடமும், நிறுத்த உத்தரவு கொடுத்திருந்தால் அதன் நகலும். மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திடம் நிறுவ இசைவு, இயக்க இசைவு, ஆய்வு அறிக்கைகள். கடலோர மண்டல மேலாண்மை ஆணையத்திடம் சிஆர்இசட் எனப்படும் கடலோர ஒழுங்குமுறை மண்டல அனுமதியும் அந்தத் தீவின் மேலாண்மைத் திட்ட வரைபடத் தாளும். கட்டுமானப் பரப்பு 20,000 சதுர மீட்டரோ அதற்கு மேலோ என்றால் 2006 சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி சுற்றுச்சூழல் அனுமதியும் வாங்கியிருக்க வேண்டும், அதையும் கேளுங்கள். வருவாய்த் துறையிடம் புறம்போக்கு எல்லை. முப்பது நாளில் பதில் வரவில்லை என்றால் முதல் மேல்முறையீடு. விண்ணப்பம் ஆங்கிலத்திலோ இந்தியிலோ அந்த ஊரின் ஆட்சிமொழியிலோ இருக்க வேண்டும், கேரளத்துக்குத் தமிழில் எழுதிவிட்டுக் காத்திருக்காதீர்கள்.

வந்த காகிதத்தில் முதலில் தேதியைப் பாருங்கள். கடலோர ஒழுங்குமுறை அறிவிக்கை 1991, 2011, 2019 என்று மூன்று முறை வந்திருக்கிறது, ஒவ்வொன்றிலும் கரையிலிருந்து கட்டக் கூடாத தூரம் வேறு. கேரளக் காயல் தீவுகளுக்கு 2011இல் உயர் ஓதக் கோட்டிலிருந்து, அதாவது ஏற்றத்தில் தண்ணீர் எட்டும் எல்லையிலிருந்து, 50 மீட்டர், 2019இல் காயலுக்குள் இருக்கும் தீவுகளுக்கு 20 மீட்டர். கட்டியபோது எந்த விதி இருந்ததோ அதை வைத்துத்தான் மீறலை எழுத வேண்டும். 'இப்போதைய விதிப்படி இது சரிதானே' என்று மறுதரப்பு சொல்லும், அதற்குத் தயாராக இருங்கள். அந்தமானுக்கும் லட்சத்தீவுக்கும் தனியாகத் தீவுகளுக்கான அறிவிக்கை இருக்கிறது, அதைப் பார்க்காமல் மெயின்லேண்ட் விதியை எடுத்துக்காட்டினால் முதல் பக்கத்திலேயே புகார் பலவீனமாகிவிடும்.

பஞ்சாயத்து அனுமதி இருக்கிறது என்று பார்த்ததும் சோர்ந்துபோக வேண்டாம். பஞ்சாயத்து அனுமதி இருந்தால் சிஆர்இசட் அனுமதி இருப்பதாக அர்த்தமில்லை. நெடியதுருத்தில் கட்டிய காபிகோ ரிசார்ட் தரப்பும் பஞ்சாயத்து அனுமதியைக் காட்டியது. கேரள உயர் நீதிமன்றம் 2013இல் இடிக்கச் சொன்னது, 2020 ஜனவரி 10 அன்று உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது.

இன்னொரு காகிதம், நிறுவனத்தின் நிலை. கம்பெனி விவகார அமைச்சகத்தின் இணையதளத்தில் நிறுவனம் இயங்குகிறதா, பெயர் நீக்கப்பட்டுவிட்டதா, சொத்தின் மேல் எந்த வங்கியின் அடமானம் இருக்கிறது என்று பார்க்கலாம். கைவிட்ட ரிசார்ட்டின் உண்மையான உரிமையாளர் பல சமயம் வங்கிதான், அல்லது திவால் நடவடிக்கையை நடத்தும் அதிகாரி. அவர்களுக்கும் புகாரின் நகலை அனுப்புங்கள். ஏலத்தில் வாங்கப்போகிறவனுக்கு 'எனக்குத் தெரியாது' என்று சொல்ல முடியாமல் போகும், அது சின்ன விஷயமில்லை.

யாரிடம் போவது

கலெக்டரில் ஆரம்பியுங்கள். சிஆர்இசட் மீறலைக் கண்காணிக்க அவர் தலைமையில் ஒரு மாவட்டக் குழு இருக்க வேண்டும், அதில் மீனவர் உள்ளிட்ட உள்ளூர் கடலோரச் சமூகத்திலிருந்து குறைந்தது மூன்று பேர் இருக்க வேண்டும் என்றே விதி. அந்தக் குழு எப்போது கடைசியாகக் கூடியது என்று ஆர்டிஐயில் கேட்டால் அதுவே ஒரு தூண்டுகோல். கூடவே மாசுக் கட்டுப்பாட்டு வாரியம், கடலோர மண்டல மேலாண்மை ஆணையம், ஈரநிலமாக இருந்தால் மாநில ஈரநில ஆணையம். வேம்பநாடு 2002 முதல் ராம்சர் தலம், அதாவது சர்வதேச முக்கியத்துவம் உள்ள ஈரநிலம், ஆகவே அங்கே கடைசியாகச் சொன்னதை விடவே கூடாது. எல்லாமே பதிவுத் தபால், அத்தாட்சியோடு. போனில் பேசியது எதுவும் நடக்காத மாதிரிதான்.

பதில் இல்லையென்றால் தேசிய பசுமைத் தீர்ப்பாயம். கேரளம், தமிழ்நாடு, லட்சத்தீவுக்குச் சென்னையில் இருக்கும் தென்மண்டல அமர்வு, அந்தமானுக்குக் கொல்கத்தா. இழப்பீடு கேட்காத மனுவுக்குக் கட்டணம் 1,000 ரூபாய், வழக்கறிஞர் இல்லாமலும் வாதாடலாம். ஆனால் கைவிட்ட கட்டடங்களில் பலர் மாட்டிக்கொள்வது கால வரம்பில். பசுமைத் தீர்ப்பாயச் சட்டம் 14ஆம் பிரிவில் மனு போட விவகாரம் முதலில் எழுந்ததிலிருந்து ஆறு மாதம்தான், சரியான காரணம் இருந்தால் இன்னும் 60 நாள். 2012இல் நின்ற கட்டுமானத்துக்கு இது எப்போதோ போய்விட்டது. 15ஆம் பிரிவில் இழப்பீடு, சுற்றுச்சூழலை மீட்டெடுத்தல் ஆகியவற்றுக்கு ஐந்து வருடம். ஒவ்வொரு மழையிலும் புதிதாக நடக்கும் சேதத்தைத் தேதியோடு பதிவு செய்யச் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம். தொடரும் சேதம் என்று வாதாடலாம், அதை மட்டுமே நம்பி மனுவைத் தள்ளிப்போடாதீர்கள். எந்தப் பிரிவு என்று முடிவெடுக்கும் இடத்திலாவது ஒரு வழக்கறிஞரைப் பாருங்கள்.

என்ன கேட்பது

பெரும்பாலான மனுக்கள் 'சட்டவிரோதக் கட்டடத்தை இடிக்க உத்தரவிட வேண்டும்' என்று முடிந்துவிடுகின்றன. நீதிமன்றம் கேட்டதைத்தான் கொடுக்கும். இடித்துவிட்டு இடிபாட்டைக் கரையிலேயே தள்ளி, வாய்க்காலை அடைத்தபடியே விட்டுப் போனால் கட்டடம் மட்டும் மறையும், தீவு அப்படியே கிடக்கும். கொச்சிப் பக்கம் மரடில் 2020 ஜனவரி 11, 12 தேதிகளில் நாலு அடுக்குமாடி வளாகங்களை வெடிவைத்துத் தகர்த்ததை டிவியில் எல்லோரும் பார்த்தார்கள், அதன் பிறகு கிடந்த சுமார் 76,000 டன் இடிபாட்டை அள்ளியதை யாரும் பார்க்கவில்லை. அங்கே லாரி போகச் சாலை இருந்தது. தீவிலிருந்து ஒரு கல்லை எடுக்கவும் படகு வேண்டும், அதனாலேயே இடிபாட்டை அங்கேயே புதைத்துவிடும் ஆசை எப்போதும் இருக்கும்.

ஆகவே மனுவில் தனித்தனியாகக் கேளுங்கள். உடனடி வேலைகள் முதலில்: போர்வெல்லை அடைப்பது, குளத்தை வற்றடிப்பது, எண்ணெய்ப் பேரல்களையும் ஆஸ்பெஸ்டாஸையும் உரிமம் உள்ளவர்கள் மூலம் அகற்றுவது. இவற்றுக்கு வழக்கு முடியும் வரை காத்திருக்கத் தேவையில்லை, இடைக்கால உத்தரவு கேட்கலாம். அப்புறம் இடிப்பதற்கான திட்டத்தை மாசு வாரியம் ஒப்புக்கொண்ட பிறகே தொடங்க வேண்டும், மழைக்காலத்தில் இடிக்கக் கூடாது, தண்ணீர்ப் பக்கம் வண்டல் தடுப்புத் திரை கட்ட வேண்டும், கம்பி, கான்கிரீட், மரம், பிளாஸ்டிக் தனித்தனியாகப் பிரித்து எடைச்சீட்டோடு தீவை விட்டு வெளியே போக வேண்டும் என்று. செலவு மாசுபடுத்தியவரின் தலையில், அவர் இல்லையென்றால் அரசு முதலில் செய்துவிட்டுப் பிறகு வசூலிக்கட்டும்.

எல்லாவற்றையும் விட முக்கியமாக, அடைத்த வாய்களைத் திறந்து ஓதம் பழையபடி ஏறி இறங்கச் செய்ய வேண்டும் என்று அந்த ஜிபிஎஸ் எண்களோடு எழுதிக் கேளுங்கள். பதிலுக்கு 'பத்தாயிரம் அலையாத்திக் கன்று நடுகிறோம்' என்று வருவார்கள், கன்று நட்டால் போட்டோ நன்றாக வரும். தண்ணீர் ஓட்டம் சரியில்லாத இடத்தில் நட்ட கன்று பெரும்பாலும் சாகும். ஓட்டம் சரியானால், பக்கத்தில் தாய் மரங்கள் இருக்கிற இடத்தில் விதைகள் மிதந்து வந்து தானே முளைக்கும். நடுவதை எதிர்க்க வேண்டாம், ஆனால் வாய்க்காலைத் திறக்காமல் நடுவதை ஏற்காதீர்கள்.

உத்தரவு வந்த பிறகும் தளர விடக் கூடாது. நெடியதுருத்தில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்தது 2020 ஜனவரியில், 54 வில்லாக்களில் முதல் வில்லாவில் இயந்திரம் கை வைத்தது 2022 செப்டம்பர் 15 அன்றுதான், நடுவில் கொரோனாவும் வந்தது. அதன் பிறகும் வேலை இழுத்து, 2023 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் மறுபடி கெடு விதித்து மாநில அரசை எச்சரிக்க வேண்டியிருந்தது. ஆகவே மனுவிலேயே கால அட்டவணை, ஒவ்வொரு கட்டத்துக்கும் அறிக்கை, கண்காணிப்புக் குழுவில் மீனவர் ஒருவர், வேலை முடிந்த பிறகும் குறைந்தது மூன்று பருவமழைக்கு ஆய்வு என்று கேட்டுவிடுங்கள். கெடு தவறிய மறுநாளே உத்தரவை நிறைவேற்றக் கோரி மனு போட, முன்பு எடுத்த அதே கோணத்தில் அன்றைய தேதிப் படம் கையில் இருக்க வேண்டும். எடைச்சீட்டுகளின் நகலை மாதாமாதம் ஆர்டிஐயில் வாங்கி, இடித்த அளவோடு வெளியே போன அளவு பொருந்துகிறதா என்று கூட்டிப் பாருங்கள். குறைந்தால் மிச்சம் காயலுக்குள்தான் இருக்கிறது. எந்தப் பக்கம் தள்ளினார்கள் என்று வலை போடுகிறவர்களிடம் கேட்டால் சொல்லிவிடுவார்கள்.